செப்போரிஸ் யூத ஊரா, கிரேக்க ஊரா? மண் சொல்லும் பதில்

கேள்வி இதுதான்: கலிலேயாவில் (இன்றைய வடக்கு இஸ்ரேலில்), நாசரேத்துக்குப் பக்கத்தில் இருந்த செப்போரிஸை 'பழைய யூத நகரம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே தோண்டி எடுத்ததாகக் காட்டும் படங்களில் இருப்பது மதுக்கடவுள் டயோனிசஸ், ரோமானிய நாடக அரங்கு, நைல் நதித் திருவிழா. உருவ வழிபாட்டை அறவே ஒதுக்கிய மக்களின் ஊர் இப்படியா இருக்கும்? அங்கே யூதர்கள்தான் வாழ்ந்தார்கள் என்பதற்கு நூல்களைத் தவிர மண்ணில் என்ன ஆதாரம்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆதாரம் நிறையவே இருக்கிறது. என்ன, சுற்றுலா அட்டைகளில் அச்சாகிற அளவுக்கு அழகானது ஒன்றும் கிடையாது. அடுப்படிக் குப்பையில் கிடந்த எலும்பு, வீட்டுக்கு அடியில் பாறையை வெட்டி இறக்கிய தொட்டி, உடைந்த கல் குவளையின் விளிம்பு, செம்புக் காசு, இவ்வளவுதான். ஆனால் ஒரு மக்கள்கூட்டம் யார் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். விருந்தாளி கண்ணில் படவேண்டும் என்று போட்ட தரையைவிட, யாரும் பார்க்கப்போவதில்லை என்று வீசிய எலும்பு வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் சொல்லும்.

முதலில் இடம். நாசரேத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் ஒரு குன்று. எபிரேயத்தில் ஊரின் பெயர் சிப்போரி. 'சிப்போர்' என்றால் பறவை. மலைமேல் பறவை மாதிரி உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று யூத சமய ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லெராய் வாட்டர்மன் இங்கே முதலில் தோண்டினார். நாடக அரங்கைக் கண்டது அவர்தான். ஒரு கட்டடத்தைக் கிறிஸ்தவத் தேவாலயம் என்று முடிவு செய்ததும் அவர்தான். பிற்பாடு அது ரோமானியக் காலத்துப் பெரிய வீடு என்று தெரிந்தது. நாசரேத்துக்கு அருகில் தோண்டுகிறவர் மனத்தில் தேவாலயம் இருந்திருக்கிறது, கண்ணும் அதையே கண்டிருக்கிறது. 1980-களில் ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச் ஒரு குழுவோடும், எரிக் மேயர்ஸ், கரோல் மேயர்ஸ், எஹுத் நெட்ஸர் ஆகியோர் இன்னொரு குழுவோடும் இறங்கினார்கள். பிறகு ஸேவ் வைஸ் பல ஆண்டுகள் தொடர்ந்தார். நாம் இப்போது பேசுவதில் பெரும்பகுதி இவர்கள் உழைப்பில் கிடைத்தது.

குன்றின் மேற்குப் பக்கத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்த பகுதி உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே அடுக்கடுக்காகக் குடியிருப்பு. அந்த அடுக்குகளில் கிடைத்த விலங்கு எலும்புகளில் ஆடும் மாடும் இருக்கின்றன. பன்றி ஏறக்குறைய இல்லை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பன்றி வளர்க்காததற்குத் தண்ணீர், மேய்ச்சல், பழக்கம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கிரேக்க, ரோமானியப் பழக்கமுள்ள ஊர்களில் பன்றிக்கறி சாதாரண உணவு. அப்படிப்பட்ட உலகத்தின் நடுவில், வீடு வீடாக, தலைமுறை தலைமுறையாக அதைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள் என்றால் அதைத் தற்செயல் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

அதே வீடுகளில் கல் பாத்திரங்கள் கிடைக்கின்றன. நம் கல்சட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது அடுப்பில் ஏற்றுவது. இவை மிருதுவான வெள்ளைச் சுண்ணக்கல்லைச் செதுக்கியோ கடைந்தோ செய்த குவளைகளும் கிண்ணங்களும். கைப்பிடி வைத்த குவளை ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் வெளிப்பக்கம் உளி செத்திய பட்டைகள் மேலிருந்து கீழாக வரிசையாகத் தெரியும். வழவழப்பாக்க யாரும் மெனக்கெட்டதில்லை. மண்பாண்டம் இதைவிட லேசு, செய்வதும் எளிது. பிறகு ஏன் கல்? காரணம் தீட்டு. விவிலியத்தின் லேவியராகமச் சட்டப்படி மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது அக்கால யூதர்களின் புரிதல். இந்தப் பாத்திரங்கள் எருசலேம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். கலிலேயாவிலும் யூதக் குடியிருப்புகளில் கிடைக்கின்றன. செப்போரிஸிலிருந்து தூரமில்லாத ரெய்னாவில் இவற்றைச் செய்த பட்டறையே 2017-இல் வெளிப்பட்டது. யூதரல்லாத ஒருவர் கல் குவளை வாங்கியிருக்கக்கூடாதா என்று கேட்கலாம். வாங்கியிருக்கலாம். ஆனால் வாங்க அவருக்கு ஒரு காரணம் வேண்டுமே.

மூன்றாவது, தொட்டிகள். இதில்தான் பெரிய சண்டையே நடந்தது. மேற்குக் குன்று வீடுகளின் அடித்தளத்தில், பாறையை வெட்டி, படி வைத்து, உள்ளே கனமாகச் சாந்து பூசிய தொட்டிகள் இருபதுக்கு மேல் கிடைத்தன. ஓர் ஆள் இறங்கி முழுகலாம், அவ்வளவுதான் இடம். படிகள் தொட்டியின் அகலம் முழுக்க வருகின்றன. தண்ணீர் சேமிக்க மட்டும் தொட்டி வெட்டுகிறவர் இப்படிப் படி வைத்துக் கொள்ளளவை வீணாக்கமாட்டார். இவை மிக்வே, அதாவது தீட்டுக் கழிக்கும் முழுக்குத் தொட்டிகள் என்றார் எரிக் மேயர்ஸ். இன்னொரு தொல்லியலாளர் ஹனான் எஷெல் ஒப்புக்கொள்ளவில்லை. யூதேயாவில் உறுதியாக மிக்வே என்று தெரிந்த தொட்டிகளோடு இவை பொருந்தவில்லை, வெறும் குளியல் தொட்டியாக ஏன் இருக்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார். யூத சமய ஆசான்களான ரபிகளின் சட்டப்படி மிக்வேயில் குறைந்தது 40 சேயா, அதாவது சில நூறு லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அது மழையாகவோ ஊற்றாகவோ தானே வந்து சேர்ந்த நீராக இருக்க வேண்டும். குடத்தில் மொண்டு ஊற்றியது கூடாது. எஷெலின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் படி வைத்த குழியை எல்லாம் மிக்வே என்று எழுதிவிடும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. ஆனால் இந்த இடத்தில் மேயர்ஸ் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்று எனக்குப் படுகிறது. அந்த ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில். அதில் எழுதிய அளவை அதற்கு இருநூறு ஆண்டு முந்திய வீட்டுத் தொட்டியில் தேடி, இல்லை என்று சொல்வது சரியாகாது. தவிர, தொட்டியைத் தனியாக வைத்துப் பார்ப்பதே தப்பு. பன்றி எலும்பு இல்லாத அடுப்படி, கல் குவளை, படி வைத்த முழுக்குத் தொட்டி, மூன்றும் ஒரே வீட்டில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேறு விளக்கம் தேடலாம். மூன்றும் சேர்ந்து இருப்பதற்குத் தேட முடியாது.

காசுகளுக்கு வருவோம். கீழ் அடுக்குகளில், எருசலேமிலிருந்து ஆண்ட யூத அரசமரபான அஸ்மோனியரின் அரசன் அலெக்சாந்தர் யன்னாயின் செம்புக் காசுகள் தாராளமாக வருகின்றன. அதாவது கி.மு. 100 வாக்கிலேயே ஊர் எருசலேம் அரசோடு சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்தையே சேர்ந்த ஒரு ஜாடித் துண்டில் எபிரேய எழுத்துகள் ஏழு இருக்கின்றன; வாசித்துப் பார்த்தால் சொல் கிரேக்கம், மேற்பார்வையாளர் என்கிற பொருளில். எழுத்து எபிரேயம், சொல் கிரேக்கம்! இந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஜாடித் துண்டைத்தான். அரசாங்க வேலை, வரி, வாணிகம் எல்லாவற்றுக்கும் கிரேக்கம் பேச்சில் கலந்துவிட்ட காலம் அது. கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தினால் கிரேக்கன் ஆகிவிடுவதில்லை.

கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராக யூதர்கள் போர் தொடங்கியபோது செப்போரிஸ் ரோம் பக்கம் நின்றது. 67/68-இல் அச்சிட்ட காசில் ஊரே தன்னை 'எய்ரெனோபோலிஸ்', அமைதி நகரம், என்று அழைத்துக்கொள்கிறது. கூடவே நீரோவின் பெயரும் தளபதி வெஸ்பாசியனின் பெயரும். இதைப் பார்த்துவிட்டு 'அப்படியானால் இவர்கள் யூதரே அல்ல' என்று சொன்னவர்கள் உண்டு. காசைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: பேரரசனின் தலை இல்லை, தெய்வ உருவம் இல்லை. செழிப்பின் சின்னமான இரட்டை வளக்கொம்பும் நடுவில் ஒரு கோலும். மறுபக்கம் மாலைக்குள் எழுத்து. ரோமுக்கு விசுவாசத்தைக் காட்ட முகத்தைப் போடுவதுதான் சுலபமான வழி. அதைத் தவிர்த்திருக்கிறார்கள். இந்த ஊர்மேல் கடுங்கோபத்தில் இருந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ்கூட, இவர்கள் தங்கள் இனத்தாருக்கே எதிராக ரோமுக்கு வாக்குக் கொடுத்தார்கள் என்றுதான் எழுதுகிறார். சொந்த இனம் என்பதால்தான் அவருக்கு அவ்வளவு கோபம்.

பிறகு மாறுகிறது. ரோமப் பேரரசன் டிராஜன் காலத்துக் காசில் பேரரசனின் முகம் வருகிறது. ஆனால் பின்பக்கம் பேரீச்ச மரம், தானியக் கதிர் என்றே போகிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஊருக்குத் தியோகைசரியா என்று புதுப்பெயர் விழுகிறது, அதாவது கிரேக்கரின் தலைமைத் தெய்வம் சேயுஸுக்கும் சீசருக்கும் உரிய நகரம். பேரரசன் அந்தோனினஸ் பயஸ் காசில் கோயிலும் தெய்வங்களும் வந்துவிடுகின்றன. அகழாய்விலும் அந்தக் காலக் கோயிலின் அடித்தளம் கிடைத்திருக்கிறது. மக்கள் மாறிவிட்டார்களா? காசு அடிக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது மாறியது, அது நிச்சயம். ஆனால் ரபி யூதா, மிஷ்னாவைத் தொகுத்தவர், தம் கடைசிப் பதினேழு ஆண்டுகளைக் கழித்தது இந்த ஊரில்தான். மலைமேல் காற்று நன்றாக இருந்ததால் நோயோடு இங்கே வந்தார் என்பது மரபு. சேயுஸ் கோயிலும் மிஷ்னா தொகுத்தவரின் வீடும் ஒரே ஊரில் இருந்தன. இதைச் சுற்றி வளைத்து விளக்கவேண்டியதில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், தமிழ்க் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் இதைக் கேட்பதால். இயேசு சிறுவயதில் யோசேப்போடு செப்போரிஸுக்குத் தச்சு வேலைக்குப் போயிருப்பார், அங்கே நாடகம் பார்த்திருப்பார், கிரேக்கத் தத்துவம் கேட்டிருப்பார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அந்தக் காலத்தில் ஊரைப் புதுப்பித்துக் கட்டியது உண்மை. அதைக் கலிலேயா முழுமைக்கும் அணிகலன் என்று ஜோசிபஸ் வர்ணித்ததும் உண்மை. வேலைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கும், நடந்துபோகிற தூரம்தான். ஆனால் புதிய ஏற்பாட்டில் செப்போரிஸ் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. சுமார் 4,000 பேர் உட்காரக்கூடிய அந்த நாடக அரங்கை முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கோ அதற்கும் பின்னாலோ தள்ளுகிறவர்கள்தான் இன்று அதிகம். மொசைக் தரைகள், அதாவது சிறு வண்ணக் கற்களைப் பதித்துப் படம் போட்ட தரைகள், எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அந்திப்பா காலத்துச் செப்போரிஸ் என்று நாம் உறுதியாகக் காட்டக்கூடியது அந்த அடுப்படிகளும் தொட்டிகளும்தான். அந்த நகரத்தைப் 'பாதி கிரேக்கம்' என்று எழுதுகிறவர்கள் மூன்றாம் நூற்றாண்டுத் தரையை முதல் நூற்றாண்டு மனிதரின் காலடியில் விரிக்கிறார்கள்.

நூலை மண் மறுக்கிற இடமும் உண்டு. கி.மு. 4-இல் அந்திப்பாவின் தந்தை ஏரோது மன்னன் இறந்ததும் கலகம் வெடித்தது. ரோமானிய ஆளுநர் வாரஸின் படை செப்போரிஸை எரித்து மக்களை அடிமைகளாக விற்றது என்கிறார் ஜோசிபஸ். ஒரு நகரம் முழுக்க எரிந்தால் கரியும் சாம்பலும் அடுக்காக நிற்கும். இதுவரை தோண்டிய இடங்களில் அப்படி ஓர் அடுக்கு இல்லை. கி.பி. 351-இல் நடந்த யூதக் கலகத்துக்குப் பிறகு ஊர் தரைமட்டம் ஆக்கப்பட்டது என்ற பழைய எழுத்துக்கும் இதே கதிதான். 363 நிலநடுக்கத்தின் இடிபாடுதான் மண்ணில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த நிலநடுக்கத்தில் விழுந்த வீடுகளில் ஒன்றுதான் டயோனிசஸ் வீடு. 1987-இல் வெளிப்பட்டது. கி.பி. 200 வாக்கில், அரங்குக்குப் பக்கத்தில் கட்டிய மாளிகை. விருந்துக்கூடத்தின் தரையில் டயோனிசஸின் வாழ்க்கை பதினைந்து கட்டங்களில், ஒவ்வொன்றுக்கும் கிரேக்கத்தில் தலைப்போடு. நடுக்கட்டத்தில் டயோனிசஸும் கிரேக்கக் கதைகளின் பலசாலி வீரன் ஹெராக்ளிஸும் யார் அதிகம் குடிப்பது என்று போட்டி போடுகிறார்கள். பக்கத்தில் ஹெராக்ளிஸைத் தாங்கிப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். மூன்று பக்கமும் தரை வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. விருந்தாளிகள் சாய்ந்து படுக்கும் கட்டில்கள் அங்கே இருந்தன. எதற்கு வீணாகப் படம்? ஓரத்துப் பட்டையில் ஒரு பெண் முகம், தலை லேசாகச் சாய்ந்து, காதில் தோடு. கலிலேயாவின் மோனலிசா என்று இப்போது உலகமே அழைப்பது அவளைத்தான். கற்கள் அவ்வளவு பொடி; கன்னத்தின் நிழலையே நாலைந்து நிறத்தில் வைத்திருக்கிறார்கள்.

இது யார் வீடு? ரோமானிய அதிகாரியாக இருக்கலாம், பணக்கார யூதராகவும் இருக்கலாம். ரபி யூதாவின் வீடாகவே இருக்கக்கூடாதா என்றுகூட யோசனை வந்தது. தரையை வைத்து வீட்டுக்காரரின் மதத்தைச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. யூதர் ஒருவர் இப்படிப்பட்ட தரையில் விருந்து வைத்திருக்க முடியாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மிஷ்னாவிலேயே ஒரு சம்பவம் வருகிறது. அக்கோ ஊரில், கிரேக்கப் பெண்தெய்வம் அப்ரோடிட்டின் சிலை இருந்த குளியல் மண்டபத்தில் யூத ஆசான் ரபன் கமாலியேல் குளித்துக்கொண்டிருந்தார். உங்கள் சட்டப்படி இது தகுமா என்று ஒருவர் கேட்டார். வெளியே வந்த பிறகு கமாலியேல் சொன்ன பதிலின் சாரம்: நான் அவள் எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள், மண்டபம் அவளுக்காகக் கட்டியதல்ல, அவள் மண்டபத்துக்கு அலங்காரம். கும்பிடுகிற சிலை வேறு, அலங்காரத்துக்கு வைத்த சிலை வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் தரையில் உருவங்கள் போடத் தொடங்கியபோது ரபி அபுன் தடுக்கவில்லை என்று எருசலேம் தல்மூத்தும் பதிவு செய்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டில் நிலைமை இன்னும் சுவாரசியம். இந்த அடுக்குகளில் பன்றி எலும்பு கூடுகிறது. தேவாலயங்கள் எழுகின்றன, ஆயர் ஒருவரின் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. நாலாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆயர் எபிபானியஸ், இந்த ஊரில் யூதரைத் தவிர வேறு யாருமே குடியிருக்க விடுவதில்லை என்று குறைபட்டிருந்தார். அந்தக் காலம் மலையேறிவிட்டது, ஊர் கலப்பாகிவிட்டது. நைல் திருவிழா மொசைக் இந்தக் காலத்தது: தூணில் நீர்மட்ட அளவைச் செதுக்கும் ஆள், அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம், வேட்டைக் காட்சிகள். அதே நூற்றாண்டில், அதே ஊரில் கட்டியதுதான் 1993-இல் வெளிப்பட்ட, யூதர்கள் தொழுத ஜெப ஆலயம்.

நீளமான ஒடுங்கிய கூடம். தரை முழுக்க மொசைக், ஏழு பட்டைகளாக. ஆபிரகாமைப் பார்க்க வந்த தூதர்கள், ஆரோனின் அபிஷேகம், தேவனுக்கு முன் அப்பம் படைக்கும் சமுகத்தப்ப மேசை, முதற்பலன் கூடை, ஏழு கிளைக் குத்துவிளக்கு. நடுவில் பன்னிரண்டு ராசிகள், எபிரேயப் பெயர்களோடு. மூலைகளில் நான்கு பருவங்கள், எபிரேயத்திலும் கிரேக்கத்திலும். காணிக்கை கொடுத்தவர்கள் பெயர்கள் அரமேயத்திலும் கிரேக்கத்திலும். ராசிச் சக்கரத்தின் நடுவில் நாலு குதிரை பூட்டிய தேர். மற்ற ஜெப ஆலயங்களில், அமாத் திபேரியாவிலும் பெத் ஆல்பாவிலும், அந்தத் தேரில் சூரியதேவன் ஹெலியோஸ் மனித உருவத்தில் நிற்பான். செப்போரிஸில் அவன் இல்லை. தேர் ஓடுகிறது, அதன்மேல் கதிர் வீசும் சூரிய வட்டம் மட்டும். கிரேக்க மாதிரிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேரையும் குதிரையையும் எடுத்து, தெய்வத்தை மட்டும் வெளியே விட்டிருக்கிறார்கள். டயோனிசஸ் தரை அதே ஊரில் போடப்பட்டு இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், தொழுகிற இடம் என்று வந்ததும் எங்கே நிறுத்துவது என்பதை இவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கிரேக்கமா யூதமா என்று இரண்டு பெட்டி வைத்து, கிடைத்த பொருளை எல்லாம் ஒன்றில் போட முயன்றால் இந்த ஊர் புரியாது. கி.மு. 100-இல் எபிரேய எழுத்தில் கிரேக்கச் சொல்லை எழுதினவரும், கி.பி. 68-இல் முகமில்லாத காசு அடித்தவரும், ஐந்தாம் நூற்றாண்டில் தேவனில்லாத தேரைப் போடச் சொன்னவரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்: சுற்றியிருந்த உலகத்தின் மொழியை எடுத்துக்கொண்டு, தமக்கு ஒவ்வாததை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதை வெளியிலிருந்து வந்த கலப்படம் என்று பார்ப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால், மோனலிசாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஜெப ஆலயத் தரையில், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கட்டத்துக்குப் போங்கள். இடப்பக்கம் வேலைக்காரர் இருவரும் கழுதையும் இருப்பார்கள். வலப்பக்கம் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. ஆபிரகாமும் இல்லை, ஈசாக்கும் இல்லை. மரத்தில் கட்டிய ஆட்டுக்கடாவின் தலை தப்பியிருக்கிறது. அதன் கீழே, கழற்றி வைத்த இரண்டு ஜோடி செருப்பு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஆதியாகமத்தில் அந்தச் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புனிதமான இடத்தில் மோசே செருப்பைக் கழற்றியதை நினைவில் வைத்து, தகப்பனும் பிள்ளையும் அப்படித்தான் மலை ஏறியிருப்பார்கள் என்று எண்ணிய யாரோ அதை அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறார்.